தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

என்ர மனுசனுக்கு ஐம்பது வயசு கிட்டேக்க துவக்கு ஆசை வந்தது. மற்ற ஆம்பிளையளுக்கு அந்த வயசில மோட்டச்சைக்கிள் ஆசை வரும், சிலருக்குத் தலையில மயிர் நட ஆசை வரும். எங்கட ரூஜ் தெருவில ஒருத்தர் கராஜுக்குள்ள ட்ரம்ஸ் வேண்டி வைச்சு அடிச்சுச் சனத்தை வதைச்சவர். இவருக்கு மட்டும் எந்த நாட்டு ஆமிக்காரனோ சுட்ட பழைய துவக்கு. எட்டு வயசில கனடாவுக்கு வந்த ஆள். சண்டையை ரீவீயில மட்டும் பாத்த ஆள்.

நான் அப்பிடியில்லை. கலியாணம் கட்டி இஞ்ச வரும் வரைக்கும், இருபத்தாறு வயசு மட்டும், ஊரில அந்தச் சண்டைக்குள்ளதான் இருந்தனான். அதைப் பற்றி இவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்டா நான் அழுவன் எண்டு அவர் பயந்தாரோ, சொன்னா அவருக்கு விளங்காது எண்டு நான் நினைச்சனோ, தெரியாது. பிள்ளையளின்ர படிப்பையும் ஸ்னோ தள்ளிறதையும் பற்றிக் கதைச்சே காலத்தை ஓட்டியிட்டம்.

துவக்கு விசயத்தில ஆள் எல்லாம் ஒழுங்காத்தான் செய்தவர். கோர்ஸுக்குப் போய், சோதினை பாஸ் பண்ணி, லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார். அதுக்கு மனுசியும் கையெழுத்து வைக்க வேணுமாம். ஜிம்முக்குச் சேந்து ரெண்டு கிழமையில விட்ட ஆள்தானே, உதுவும் அப்பிடித்தான் முடியும் எண்டு நினைச்சு வைச்சுக் குடுத்தன்.

சித்திரை போல துவக்கு வந்தது. எங்கள் ரெண்டு பேரையும் விட வயசு கூடின சாமான். எந்தக் காலத்திலயோ ஒரு ஆமிக்காரன் பூசின கிறீஸ், களி மாதிரி அப்பிக் கிடந்தது. அதைக் கழட்டி, துண்டு துண்டா என்ர சொதிச் சட்டிக்குள்ள போட்டு அவிச்சார். வேலையால வந்து மூடியைத் திறந்தா உள்ளுக்க இரும்பு கொதிக்குது. அண்டைக்கு நான் பேசின பேச்சு பக்கத்து வீட்டுச் சீனாக்காரிக்கும் விளங்கியிருக்கும். சட்டி நேர குப்பைக்குப் போச்சு.

அவருக்கு அது உறைக்கேல்ல. துவக்குக்குள்ள ரவையைத் தள்ளிற போல்ட்டைக் கொண்டுவந்து என்ர காதுக்குக் கிட்ட ஆட்டிக் காட்டினார். குழந்தைப்பிள்ளையின்ர கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் கேட்டது.

"இதுக்குள்ள ஆணி மாதிரி ஒரு பின் கிடக்கு. ரவையின்ர குண்டியில குத்தி அதை வெடிக்க வைக்கிறது அதுதான். இந்தப் பழசுகளில அதைப் பின்னுக்கு இழுத்து வைச்சிருக்க ஸ்ப்ரிங் இல்லை. ஊத்தை பிடிச்சு முன்னுக்கு ஒட்டிச்செண்டா, போட்ட ரவையெல்லாம் உள்ளுக்க போகப் போகத் தானா வெடிக்கும். றிக்கரைத் தொடவே தேவையில்லை. இப்பிடிச் சத்தம் கேட்டாச் சுத்தம்."

"நல்லது. இனிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூசையும் செய்வியுங்கோ," எண்டன். புதுக்கார் வேண்டினவுடன பூசைக்கு எண்டு றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஓடின ஆள்தானே. சிரிச்சுக்கொண்டு போயிட்டார்.

துவக்கைப் பேஸ்மென்றில அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினார். ரவையை வேற பெட்டியில வைச்சு அதையும் பூட்டினார். சட்டத்தில ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் நித்திரை போச்சு. கட்டிலுக்கு நேர கீழ அது முழிச்சுக்கொண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். அதைச் சொல்லாமல், வின்ரர் ஜக்கெற் வைக்க இடமில்லை எண்டன், பேஸ்மென்ற் நாறுது எண்டன். கடைசியில ஐப்பசியில ஒருநாள் சோத்துக் கோப்பையை வைச்சிட்டுச் சொல்லியே போட்டன்.

"உது கிடக்கிற வீட்டில எனக்குப் படுக்க ஏலாமல் இருக்கு."

"பூட்டித்தானே கிடக்கு, பிறகேன் பயப்பிடுறீர்?" எண்டார். பிறகு பெரிய நீதவான் மாதிரி ஒரு ஒப்பந்தம் போட்டார். ஒரேயொரு தரம் தன்னோட சுட்டுப் பழகிற ரேஞ்சுக்கு வந்து பாக்க வேணுமாம். எவ்வளவு பாதுகாப்பு எண்டு கண்ணால கண்டா என்ர பயம் தெளிஞ்சிடுமாம். அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டா எடுத்துப் போடுறாராம். நானும் ஓம் எண்டன். வேண்டாம் எண்டு சொல்லத்தானே போறன், ஒரு சனிக்கிழமை வீணாப் போனா என்ன.

அந்தச் சனிக்கிழமை வெளிக்கிட முதல் தலையில எண்ணெய் வைப்பம் எண்டு பாத்தா, போத்தல் வெள்ளையா இறுகிக் கிடந்தது. குளிர் தொடங்கினா எங்கட வீட்டுத் தேங்காயெண்ணெய் மெழுகாகீடும். சுடுதண்ணிக்குள்ள வைச்சு இளக்கினன். எண்ணெயும் பாதிக்கு மேல குறைஞ்சுபோய்க் கிடந்தது. மகள்தான் முகத்தில பூசிறாள் எண்டு அவளுக்கு ரெண்டு பேச்சும் குடுத்திட்டுத்தான் கார் ஏறினன்.

ரேஞ்ச் வடக்கால ஒரு மணித்தியால ஓட்டம். புல்லெல்லாம் விறைச்சுக் கிடந்தது. ரேஞ்சைப் பொறுப்பாப் பாக்கிற வெள்ளைக்காரக் கிழவர் எனக்குக் காதடைப்பும் கண்ணாடியும் தந்து, "துவக்கின்ர வாய் எப்பவும் அந்த மண் அணையைத்தான் பாக்க வேணும், என்ன நடந்தாலும்," எண்டு இவருக்குச் சொன்னார். இவர் துவக்கை மேசையில அந்தப் பக்கம் பாக்க வைச்சு, ரவையளைப் போட்டு, பின்னுக்கு இழுத்த போல்ட்டைக் கையால விட்டார்.

வெடிச்சுது. ஒண்டில்லை, போட்ட ரவை அத்தனையும் மூச்சு விடாமல் வெடிச்சுது. இவரின்ர விரல் றிக்கருக்குக் கிட்டவும் இல்லை.

நான் எப்ப விழுந்தன் எண்டு எனக்கே தெரியாது. சத்தம் முடியேக்க சரளைக்கல்லில குப்புறக் கிடக்கிறன், முழங்கை ரெண்டும் ஊண்டி, வாய் திறந்தபடி. குண்டு விழேக்க வாயை மூடினாக் காது வெடிச்சிடும் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை. ஒரு கை இவரின்ர கணுக்காலைப் பிடிச்சு இழுத்துக்கொண்டிருக்கு. இருபத்திரண்டு வருசமா நீங்கள், வாங்கோ, சாப்பிடுங்கோ எண்டு மரியாதையாக் கதைச்ச மனுசனை, "படுடா, படுடா" எண்டு அடித்தொண்டையால கத்திக்கொண்டிருக்கிறன். அவர் படுக்கேல்ல. தூண் மாதிரி நிண்டார்.

ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல. ரவையெல்லாம் மண் அணைக்குள்ள போச்சு. கிழவர் வந்து துவக்கு வெறுமையா எண்டு பாத்திட்டு, போல்ட்டைக் கழட்டி ஆட்டினார். கிலுகிலுப்பை ஊமை. உள்ளுக்க இறுகிக் கிடந்த அந்தப் பின்னை ஒரு கம்பியால தள்ளி எடுக்க, அதோட வெள்ளையா மெழுகு மாதிரி ஏதோ வந்தது. கிழவர் மணந்து பாத்து முழிச்சார். நான் எழும்பிப்போய் விரலால தொட்டன். மணக்கவே தேவையில்லை. காலமைதான் அதைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சு இளக்கித் தலையில தேய்ச்சனான்.

"என்ர எண்ணெயா?" எண்டன்.

"இரும்பு காய்ஞ்சு கிடந்தது. கறள் பிடிக்கும் எண்டு," எண்டார் இவர். "ஆடி மாசம் தொடங்கிப் போடுறனான். அப்ப தண்ணி மாதிரித்தானே இருந்தது. அம்மா தையல் மிசினுக்கும் அதைத்தானே விடுறவ."

கோர்ஸ் படிச்சு, சோதினை பாஸ் பண்ணி, என்ர சட்டியையும் நாசமாக்கிக் கழுவி எடுத்த பின்னுக்கு, கனடாக் குளிரில தேங்காயெண்ணெய். விசரன். எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவருக்கு இங்கிலீசில விளங்கப்படுத்த வேண்டின கேவலமும் என்ர தலையில விழுந்தது. தலைக்குப் பூசுற எண்ணெய் எண்டு சொல்ல, அவர் என்ர தலையைப் பாத்தார்.

துவக்கை அடுத்த கிழமையே பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போச்சினம். இவர்தான் கூப்பிட்டவர், நான் வாய் திறக்கேல்ல. ஆனா நான் சொல்ல வந்தது அதையில்லை, அண்டைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்ததை.

வழி முழுக்க நான் மனசுக்குள்ள ஏச்சை அடுக்கிக்கொண்டு வந்தன். வீட்டு வாசலில கார் நிண்ட பிறகும் ரெண்டு பேரும் இறங்கேல்ல. என்ர முழங்காலில களிசான் கிழிஞ்சு இரத்தம் காய்ஞ்சு கிடந்தது. அதையே பாத்துக்கொண்டு இருந்தார்.

"படுடா எண்டு நீர் கத்தினது எனக்குக் கேட்டது," எண்டார். "காதடைப்புக்குள்ளாலயும் கேட்டது. எப்பிடிப் படுக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்ல."

அடுக்கி வைச்ச ஏச்சை அப்பிடியே விட்டிட்டன். எனக்கு அந்த மனுசனில பாவமாப் போச்சு.

"தெரியாமலே இருங்கோ," எண்டன். "நான் படிச்சது ஒரு வீட்டுக்குப் போதும்."

அவர் ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டி வைச்சார்.

"எத்தினை வயசில படிச்சனீர்?" எண்டு கேட்டார்.

கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அந்தச் சண்டைக் காலத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எஞ்சினை நிப்பாட்ட வேண்டாம், குளிருது எண்டு சொல்லிப்போட்டு, சொல்லத் தொடங்கினன்.