மூக்கன் வேண்டாமென்ற தென்னம்பிள்ளை

நாற்பது வயதாகும்வரை ராக்காயிக்குச் சொந்தமாக ஒரு மரம் இருந்ததில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டின் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தியவள் அவள். லயத்து வாசலில் கீரைப் பாத்தி போடலாம், மரம் வைக்க முடியாது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த லயமும் எரிந்தது. அவளும் புருஷன் மூக்கனும் ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு போர்வைகளோடும் வன்னிக்கு வந்து, முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் காட்டை வெட்டி மண்வீடு கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை.

வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் கமலேஸ்வரி இருந்தாள். குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்துச் சாவகச்சேரியிலிருந்து பல வருடங்களுக்கு முன்பே வந்துவிட்ட குடும்பம். ராக்காயி முதல் நாள் அவளை "அம்மா" என்று கூப்பிட்டாள். தோட்டத்துத் துரைமார் வீடுகளில் பழகிய வாய்.

"என்னை அம்மா எண்டு கூப்பிடாதையும். உமக்கும் எனக்கும் ஒரு வயசுதான் இருக்கும். அக்கா எண்டால் போதும்" என்றாள் கமலேஸ்வரி. மறுவாரம், இரண்டு இலை விட்ட தென்னம்பிள்ளை ஒன்றைத் தேங்காயோடு தூக்கிக்கொண்டு வந்து சமையல் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

மூக்கன் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தான்.

"இது வேணாம் புள்ள. திருப்பிக் குடுத்துடு."

"ஏங்க?"

"காய்க்க ஏழு வருசம் ஆகும். ஏழு வருசம் நம்மள இங்க இருக்க விடுவாங்கன்னு யாரு சொன்னா? தூக்கிக்கிட்டு ஓட முடியாத எதையும் நான் இனிமே வச்சுக்க மாட்டேன்."

அவன் சொன்னதில் பிழையில்லை என்று ராக்காயிக்கும் தெரியும். ஆனால் மறுநாள் அவன் வயல்வேலைக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்தாள். கமலேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தோண்டும். மூண்டடி ஆழம் வேணும். அடியிலை தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பரப்பும், குழிஞ்ச பக்கம் மேலை பார்க்க. அப்பதான் தண்ணி நிக்கும். பிறகு சாம்பலும் ஒரு சிறங்கை உப்பும்."

"உப்புப் போட்டா செத்துடாதாக்கா?"

"மற்றச் செடி சாகும். இது சாகாது. உப்புத் தண்ணிக் கரையிலை வளர்ற சாதி."

மாலையில் வந்த மூக்கன் குழியையும் கன்றையும் பார்த்தான். காலைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள், அங்கே அப்படியொன்று இல்லாதது போலவே அதைக் கடந்து போய் வந்தான்.

ராக்காயிக்கோ அதுவே நினைப்பு. வைகாசிக்குப் பிறகு கிணறு சேறாகிவிடும். வாய்க்காலில் குடம் நிரப்பி அரை மைல் நடந்து வருவாள். அரிசி கழுவிய தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். குளிப்பதற்கும் ஒரு பலகையை அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். ஓட்டைப் பானை ஒன்றை வேரருகே புதைத்து நிரப்பி வைத்தால், நாள் முழுதும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வெயில் படாமல் பனையோலை சாத்தினாள்.

ஒருநாள் வாய்க்காலிலிருந்து திரும்பியபோது கன்றைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது.

"நீங்களா கட்டுனீங்க?"

"ஆடு குசினி வரைக்கும் வருதுல்ல. அதுக்குத்தான்" என்றான் மூக்கன்.

குசினி அந்த வேலிக்கு வெளியே இருந்தது. ராக்காயி சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தை இறக்கினாள்.

நான்காம் வருடம், புதிதாக விரிந்த ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண முக்கோணமாகக் குறைந்திருந்தன. குருத்துக்குள் வண்டு. "குருத்தைத் தின்னவிட்டால் மரம் போச்சு" என்றாள் கமலேஸ்வரி. மூக்கன் சைக்கிள் கம்பியொன்றின் நுனியை வளைத்து, மட்டைகளுக்கு நடுவே இருந்த துளைக்குள் மெல்ல விட்டான். கட்டைவிரல் பருமனில் கறுத்த வண்டு கொம்போடு வெளியே வந்தது. பிறகு மணலையும் உப்பையும் கலந்து ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் வைத்து அடைத்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே கம்பியோடு போய்க் குருத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

எண்பத்து நான்காம் ஆண்டு மாரிகாலத்தில் முதல் பாளை வெடித்தது. நெற்கதிர் போல மஞ்சளாகப் பூக்கள். ராக்காயி ஓடிப்போய்க் கமலேஸ்வரியைக் கூட்டிவந்து காட்டினாள். அதே மாதம் மூக்கன் இருமியபோது துணியில் இரத்தம் கண்டது. நெஞ்சுச் சயம் எனும் காசநோய், மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கவேண்டும் என்றார்கள் ஊர் ஆஸ்பத்திரியில். ராக்காயி வீட்டைப் பூட்டித் திறப்பைக் கமலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு அவனை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டு, பின்னேரங்களில் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். ஒருநாள் கஞ்சியைக் குடித்துவிட்டு மூக்கன் சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"யாரு தண்ணி ஊத்துறாங்களோ தெரியல."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்குற. அந்தப் பிஞ்செல்லாம் உதிர்ந்திருக்கும்."

ராக்காயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தது. "கமலேஸ்வரி அக்கா பாத்துக்கும்" என்றாள். வயல் வேலைக்கு நடுவில் கமலேஸ்வரிக்கு நேரமிருக்குமா என்று ராக்காயிக்கே நிச்சயமில்லை.

எட்டு மாதம் கழித்து ஆவணியில் திரும்பி வந்தார்கள். வேலிப் படலையைத் திறக்கும்போதே குசினியில் புகை எழுவது தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். அவள் சீலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சிறுமிகள். சின்னவளுக்கு நான்கு வயதிருக்கும்.

"நீங்கள்தான் ராக்காயி அக்காவோ? நான் இரஞ்சிதம். நாயாற்றுக் கரையிலை இருந்து ஆமிக்காரங்கள் எங்களை எழுப்பிக் கலைச்சுப்போட்டாங்கள். இவையின்ரை அப்பா அதுக்கு முந்தியே கடலோடை போயிட்டார். வீடு சும்மாதானே கிடக்கு எண்டு கமலேஸ்வரியக்கா இருக்கவிட்டவா. நாங்கள் இண்டைக்கே வெளிக்கிடுறம்."

சொல்லிக்கொண்டே அவள் திண்ணையில் கிடந்த பாயைச் சுருட்டத் தொடங்கினாள். ராக்காயிக்கு அவள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. கண் தென்னையில் இருந்தது. அடிமரத்தைச் சுற்றி ஈரமாக இருந்தது. புதுக்குருத்து நேராக நின்றது. முதல் குலையில் மூன்று இளநீர் தொங்கின. இரண்டு வெட்டியெடுத்த காம்புகள் காய்ந்து நின்றன.

இரஞ்சிதம் அவள் பார்வையைக் கண்டுவிட்டாள். பாயைக் கீழே போட்டாள்.

"சின்னவளுக்கு வயித்தாலை போய், வாயாலையும் எடுத்து, தண்ணிகூட நிக்கேல்லை அக்கா. பஸ்ஸும் இல்லை. கேளாமல் ரெண்டு வெட்டிப்போட்டன். தினமும் தண்ணி ஊத்தினனான், மீன் கழிவெல்லாம் அடியிலை கிண்டித் தாட்டனான். ஆனாலும் முதல் காய்... பிழைதான்."

ராக்காயிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஏழு வருடம் சுமந்த தண்ணீர். முதல் இளநீரை மூக்கனுக்கு வெட்டிக்கொடுப்பதாக ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து எத்தனை தரம் நினைத்திருக்கிறாள்.

மூக்கன்தான் முன்னால் போனான். மூச்சு வாங்கக் கதிரையில் உட்கார்ந்து சின்னவளைக் கிட்டக் கூப்பிட்டான்.

"எப்புடி இருந்துச்சு பாப்பா?"

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இனிச்சது. ஆனா வழுக்கல் இல்லை, தண்ணி மட்டும்தான்."

மூக்கன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, மறுபடி சிரிப்பாகவே முடிந்தது. எட்டு மாதமாக அந்தச் சத்தத்தை ராக்காயி கேட்கவில்லை. அவள் போய்ச் சுருட்டின பாயை எடுத்து மூலையில் விரித்தாள்.

"இந்த வெயில்ல எங்க போவ? அடுப்புல என்னா இருக்கு?"

"கஞ்சிதான் அக்கா."

"இன்னும் ரெண்டு சிறங்கை அரிசி போடு."

இரஞ்சிதம் இரண்டு வருடங்கள் அங்கேயே இருந்தாள். வளவின் ஓரத்தில் அவளுக்குத் தனிக்குடில் கட்டினாலும் உலை ஒன்றாகத்தான் கொதித்தது. மூக்கனுக்கு உடம்பு தேறியது. வயல்வேலைக்கு முடியவில்லை, இரண்டாம் குலையிலிருந்து விதைக்காய் தெரிந்தெடுத்துக் கன்றுகள் போட்டான். குழிக்குக் குழி இருபத்தைந்தடி இருக்கவேண்டுமென்று ராக்காயியோடு சண்டை பிடித்தான்.

எண்பத்தேழில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து, கரைக்குத் திரும்பலாம் என்று சனங்கள் பேசிக்கொண்டபோது இரஞ்சிதம் வெளிக்கிட்டாள். வழியனுப்பக் கமலேஸ்வரியும் வந்து நின்றாள். பிள்ளைகள் பஸ்ஸின் பின்கண்ணாடியில் முகத்தை வைத்துக் கையசைத்தார்கள். ராக்காயி அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். சோறு வடித்துத் தட்டில் போடும்போதுதான் ஐந்து பேருக்கு அரிசி போட்டிருப்பது தெரிந்தது. பானையைப் பார்த்தபடி நின்றாள்.

மூக்கன் எட்டிப் பார்த்தான். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தான்.

"காலையில திம்போம்" என்றான்.