பாலம் தாண்டிய தேர்

ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய் வந்தேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேசத் தொலைபேசிதான் எழுதுகிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

போன காரணம் என் அக்கா அஞ்சலை. தோட்டத்து மாரியம்மன் தேர், சின்னப் பாலம் வரை வந்து திரும்பிவிடும். பாலம் கனம் தாங்காது என்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிற அக்காவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது. தேரைப் பார்த்துப் பல வருடம். இந்த வருடம் தேர் தாண்டும் என்று சேதி வந்ததும் கிளம்பிவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூரில் கோமுட்டர் ரயில். சிரம்பானில் இறங்கி டாக்சி, வாடகை முப்பத்தைந்து மலேசிய வெள்ளி. நான் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டிய நிரைகளில் இப்போது எண்ணெய்ச் செம்பனை. என்னைப் பாம்பு கடித்த இடத்தை டிரைவருக்குக் காட்டினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் காட்டினேன்.

தேரைத் தாண்ட வைக்கக் கிளம்பியவர்கள் மூன்று இன்ஜினியர்கள், மூவரும் இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள். கோயிலில் டீ குடிக்கும்போது தங்கள் பழைய சண்டையை அவர்களே சொல்லிச் சிரித்தார்கள்.

கட்டுமானம் படித்த குமரன், "தேருக்கு அடியில இருக்கிற மண் மூட்டைய எறக்குங்க, பாலம் தாங்கும்" என்றானாம்.

இயந்திரம் படித்த தேவி விடவில்லை. "எறக்குனா தலை கனத்துச் சாஞ்சிடும்லா. அம்மன நீ புடிச்சுக்கிறியா?"

மின்சாரம் படித்த ரஹீம், சாப்பாட்டுக்கடைக்காரர் மகன். "தேர் விளக்குக்கு இருக்கிற ஜெனரேட்டர எடுத்துட்டு பேட்டரி வைக்கிறேன். ஆனா அதுவும் கனம்தான்."

"அப்ப அத மண் மூட்டை எடத்துல வை" என்றாளாம் தேவி. தேரும் சாயாது, விளக்கும் எரியும். ஜெனரேட்டர் கனமும் மூட்டைக் கனமும் போயிற்று. மிச்சத்துக்குக் குமரன் பாலத்தின் மேல் இரும்புத் தகடு பரப்பினான்.

மாலை ஆறு மணிக்கு வடம் பிடித்தோம். குமரன் பாலத்தடியில் தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தகடு முனகியது. தேர் தாண்டியது. அக்கா வாசலில் நாற்காலி போட்டு, மடியில் தேங்காயோடு உட்கார்ந்திருந்தாள்.

"செருப்ப எடுங்கடா. யாரு வர்றாங்கன்னு தெரியல?" என்றாள். கண் மட்டும் தேரை விட்டு நகரவில்லை.

தீபாராதனை முடிந்த பிறகுதான் தெரிந்தது, தேரைத் திருப்ப அங்கே இடமே இல்லை.

"வண்டி ஒன்னோடது" என்றான் குமரன்.

"ரோடு ஒன்னோடது" என்றாள் தேவி.

"நான் லைட்டு மட்டும்தான்லா" என்றான் ரஹீம்.

"இருட்டுல பாலத்துல பின்னால தள்ளாதீங்க. அம்மா இங்கயே படுக்கட்டும்" என்றாள் அக்கா. பூசாரியும் சரி என்றார்.

அடுத்த ஆடிக்குப் போகிறவர்கள் பழைய செருப்போடு போங்கள். மழை பெய்தால் செம்மண் விடாது. திரும்பி வரவும் டாக்சிக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். முடிந்தால் திங்கள் காலை வரை தங்குங்கள். ஊரே சேர்ந்து தேரைப் பின்பக்கமாக இழுப்பது பார்க்க வேண்டிய காட்சி.

திங்கள் காலை தேர் போன பிறகு, அடுத்த வருடம் அதைத் திருப்புவதற்கு இடம் வெட்ட வேண்டும் என்று குமரன் நாடா பிடித்து அளந்தான். "திரும்ப எடம் இருந்தா அம்மா ராத்திரி இங்க தங்குவாளா?" என்று அக்கா என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைச் சரியாக அவன் அளந்த இடத்தில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.