அலட்சியம் என்ற கட்டம்

ஈரக் கொத்தமல்லி வாசம் வந்தாலே பாண்டியம்மாள் நினைவு வந்துவிடும்.

ஏழைப் பெண்கள் ஏன் புற்றுநோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்ற ஆய்வுக்காக, கேள்வித்தாளோடு பரவை காய்கறி மார்க்கெட்டில் அலைந்துகொண்டிருந்தேன். கொத்தமல்லிக் கட்டு சுமந்துகொண்டிருந்த பாண்டியம்மாள், மார்பில் கட்டி இருப்பதாகச் சொன்னாள். ஏன் காட்டவில்லை என்றேன்.

"அது பெரிய கதைக்கா."

"கதை வேணாம்மா. பயமா, வெக்கமா, அலட்சியமா? ஒண்ணு சொல்லு."

"எதையாச்சும் போட்டுக்கங்க, லாரி வந்துருச்சு" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள். நான் அலட்சியம் என்று குறித்தேன்.

ஏழு மாதம் கழித்துப் புற்றுநோய் வார்டில் அவளைப் பார்த்தேன். முதுகெலும்புவரை பரவிவிட்டது, இனி வலிக்குத்தான் மருந்து என்றார்கள். "அப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே மூணு தடவை வந்தேன்க்கா. லோடு எறக்கிட்டு வாரதுக்குள்ள ஓ.பி. சீட்டு முடிஞ்சிருச்சுன்னு திருப்பி விட்டுட்டாக."

பயம், வெட்கம், அலட்சியம். என் தாளில் இருந்த கட்டங்கள் எல்லாம் அவள் மனதைக் குற்றம் சொல்லத்தான் இருந்தன. மூடிய சீட்டு ஜன்னலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதைச் சொல்ல வந்த வாயையும் நானே அடைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அந்தப் பேப்பர்ல, நான் வந்தேன்னு மாத்தி எழுதிருங்கக்கா."