வேன் வீட்டுக்கு ஒரு விலாசம்

கம்பெனி வாசலில் வேனை நிறுத்தி டிபன் விற்கும் தொழிலில் சட்னி புளித்தால் சமாளிக்கலாம், சாம்பார் குறைந்தால் வெந்நீர் ஊற்றலாம், "உங்க அட்ரஸ் என்ன?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

வாடகை அக்ரிமெண்ட் கேட்டு வீட்டுக்காரர் பின்னால் நடந்தவர்கள், சிம் கார்டு வாங்கப் போய் "புரூஃப் எங்கே?" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், கேஸ் கனெக்‌ஷனுக்காக அத்தை மகன் காலில் விழுந்தவர்கள், நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே சில வருஷம் பேச்சி என்கிற நானும் என் கணவர் சுடலைமுத்துவும் ஒரு பழைய வேனில் இட்லி தோசை விற்றோம். அதே வேனில்தான் குடியிருந்தோம். கடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. வீட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைந்ததால் வந்த வினைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டுப் பேராக இல்லாத குற்றம்

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை குறைந்ததும் வடக்கே கிளம்பினோம். மாமனார் வீடு பாகம் பிரித்ததில் கொழுந்தனுக்குப் போய்விட்டது. ரேஷன் கார்டிலிருந்தும் எங்கள் பெயரை எடுத்தாகிவிட்டது. ஊரில் எங்களுக்கு மிச்சம் இருந்தது குலசாமி மட்டும்தான். கோவில்பட்டிக்காரர் ஒருவரிடம் கடனுக்கு வாங்கிய வேனோடு வந்து பென்னலூரில் ஓர் அறை பிடித்தோம்.

அப்போது கம்பெனிகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்தன. தெற்கேயிருந்து பஸ் பஸ்ஸாகப் பையன்கள் வந்து இறங்கினார்கள். குடும்பத்துக்கு விட்டால் ஒரு வாடகை, பையன்களுக்கு விட்டால் தலைக்கு ஒரு வாடகை என்று வீட்டுக்காரர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. நிலம் கம்பெனிக்குப் போனபிறகு அந்த நாலு அறைதான் அவருக்கு விளைச்சல். காலி பண்ணச் சொல்ல வந்தவர் வாசலில் நின்று வெகுநேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் மனசாரச் சொன்னார்:

"நீங்க ரெண்டு பேர்தானம்மா கீறீங்க. ஒரு எட்டுப் பேரா இருந்தா நான் இன்னாத்துக்கு காலி பண்ணச் சொல்லப்போறேன்?"

நாலு பக்கமும் ஜன்னல்

அறை தேடிப் போன இடமெல்லாம் இதே பாட்டு. ஒருநாள் சுடலைமுத்து வேனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒன்றை வெறித்துப் பார்த்தால் அதில் ஆணி அடிக்கப்போகிறார் என்று அர்த்தம். இரண்டே நாளில் வேனுக்குள் படுக்க ஒரு பலகை வந்தது. அதன்கீழே டிரங்குப் பெட்டி, ஓரத்தில் அடுப்பும் சிலிண்டரும், குறுக்கே துணிக்கொடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குலசாமி படம். மண்ணூர் ஏரிக்கரையில் ஒரு வேப்பமரமும் பக்கத்திலேயே பஞ்சாயத்துக் குழாயும் இருந்தன. இரவெல்லாம் நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு விற்றுவிட்டு, விடிந்ததும் அந்த மரத்தடிக்கு வந்து தூங்குவோம்.

முதல் வாரம் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது பக்கத்தில் வந்தால் துணிக்கொடியை மறைத்துக்கொண்டு நிற்பேன். சாத்தூர்க்காரப் பையன் முருகேசன், எங்கள் தினசரி வாடிக்கை, ஒருநாள் இட்லியை மென்றுகொண்டே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான். கேலி பண்ணப்போகிறான் என்று கரண்டியைத் தயாராக வைத்திருந்தேன். அவனோ பெருமூச்சு விட்டான்.

"எங்க ரூம்ல பத்துப் பேருக்கு ஒரு ஃபேன்க்கா, அதையும் ஓனர் வந்து ஆஃப் பண்ணிருதாரு. உங்களுக்கு என்ன, நாலு பக்கமும் ஜன்னல்!"

பஸ் ஏறிப் போங்க

ஒரகடம் கூட்ரோட்டில் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஆர்.சி. புத்தகம் இன்னும் வண்டியை விற்ற கோவில்பட்டிக்காரர் பெயரிலேயே இருந்தது. அவர் பாவம், எல்லாப் பாரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கடனும் அடைந்துவிட்டது. பெயரை மாற்ற எங்கள் முகவரிக்குச் சான்று வேண்டும், முகவரிதான் இல்லையே.

புத்தகத்தைப் பார்த்த அதிகாரி கத்தவில்லை. காசும் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கத்துகிறவரைக் கெஞ்சிச் சமாளித்துவிடலாம். அமைதியாகப் பேசுகிறவர் சொன்னதைச் செய்துவிடுவார். வண்டி போனால் தொழில் போகும். தொழில்கூடப் போகட்டும், அன்றைக்குத் தலையை எங்கே சாய்ப்பது? எங்கள் கதை அவருக்குத் தெரியாது. எங்களுக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்:

"இன்னொரு தபா இதே பேர்ல பாத்தேன்னா வண்டிய புடிச்சு வெச்சுடுவேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா பஸ் ஏறி வூட்டுக்குப் போய்ச் சேருங்க."

கன்னியம்மாவின் விலாசம்

அதற்குப்பிறகு ஒவ்வொரு கூட்ரோட்டிலும் என் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. பழைய வீட்டுக்காரரிடம் பொய்யாக ஓர் அக்ரிமெண்ட் கேட்டோம். நாளைக்கு வீடே எங்களுடையது என்று கேஸ் போட்டுவிடுவோமோ என்று அவருக்குப் பயம். கேஸ் போடுகிற மூஞ்சியா எங்களுக்கு? ஆனாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிலம் போனவருக்கு எந்தக் காகிதத்தைக் கண்டாலும் பயமாகத்தான் இருக்கும்.

கடைசியில் கன்னியம்மாவிடம் கேட்டேன். அவள் என் வயசுக்காரி, கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற கான்ட்ராக்ட் வேலை. டியூட்டிக்குப் போகுமுன் எங்களிடம் ஒரு தோசை தின்றுவிட்டுத்தான் போவாள். "உன் ரேஷன் கார்டு விலாசத்தில் எங்களையும் குடிவைத்ததாக எழுதிக் கொடேன்" என்றேன். அவள் தோசையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் வீடும் கழனியும் கம்பெனிக்குப் போய்விட்டன. தங்கச்சி வீட்டில் ஒண்டியிருக்கிறாள். கார்டில் இருக்கிற கதவிலக்கத்தில் இப்போது கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. அதைத் தினமும் பெருக்குவதும் அவள்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கிட்ட அட்ரஸ் கீது, வூடு இல்ல. உங்கிட்ட வூடு கீது, அட்ரஸ் இல்ல. நாம ரெண்டு பேரும் சேந்தாதான்டி ஒரு ஆளு."

தூங்குகிறவருக்கே ஓட்டு

அவளேதான் அங்கன்வாடி விஜயா டீச்சரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். தேர்தல் வர இருந்த சமயம். எங்கள் பக்கத்து வாக்காளர் பட்டியலை எழுதுகிற வேலையும் டீச்சர் தலையில்தான். வீடில்லாதவர்களையும் பட்டியலில் சேர்க்கலாமாம். சான்று எதுவும் வேண்டாம். அவர்கள் ராத்திரி அந்த இடத்தில்தான் தூங்குகிறார்கள் என்று டீச்சர் கண்ணால் பார்த்து எழுதினால் போதும். வாக்காளர் அட்டை வந்துவிட்டால் ஆர்.சி. மாற்ற அதுவே சான்று. எனக்கு டீச்சரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பாவம் டீச்சர், வீட்டு வேலையை முடித்துவிட்டு, கணவர் பைக்கில் ஏறி ஏரிக்கரைக்கு வந்தார். மரம் இருந்தது, வேன் இல்லை. தேடிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே வந்தார். அங்கே நாங்கள் தூங்கவா செய்வோம்? நான் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன், சுடலைமுத்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மறுபடி வந்தார், மறுபடியும் அதே கதை. சரிபார்க்க வந்தவர் ஒவ்வொரு தடவையும் தோசைப் பார்சலோடு திரும்பிப் போனார். "எங்களுக்குக் காலையிலதான் டீச்சர் ராத்திரி" என்று சொல்லிப் பார்த்தேன். ரூல் புத்தகத்தில் அப்படி இல்லையே என்று குழம்பிக்கொண்டே போனார்.

வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார்போல. ஒருநாள் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்துவிட்டு, நல்ல வெயிலில் நோட்டும் கையுமாக மரத்தடிக்கு வந்து நின்றார். நான் போர்வையை விலக்கிப் பார்த்துப் பதறிப்போய் எழுந்தேன். டீச்சர் என்னைவிடப் பதறிவிட்டார்.

"எழுந்துக்காதீங்க, எழுந்துக்காதீங்க! அப்பிடியே படுங்க, நான் எழுதிக்கிறேன்!"

ரெண்டும் ஒண்ணா வேண்டாம்

அட்டை வந்தது. மண்ணூர், ஏரிக்கரை, வேப்பமரம் அருகில் என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். வீட்டு எண் என்ற இடத்தில் பூஜ்ஜியம். இவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையைக்கூட மனுஷன் அப்படிப் பார்த்ததில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே கடை வைத்திருந்த ஏஜென்ட் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஜீரோவும் நம்பர்தான், செல்லும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு வேனைப் பார்க்க எழுந்து வந்தார். பின்கதவைத் திறந்தவர் பலகையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், கொடியில் தொங்கிய என் பாவாடையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர் மாற்ற வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேன் என்று புத்தகத்தில் இருக்கிறதைப் படுக்கை போட்டுச் சமையலறையாக்கி வைத்திருந்தால் அவர் எப்படிப் போடுவார்? ஏஜென்ட் கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஓட்டுக்குத்தான்மா இது வூடு, இங்க இது வண்டி. ரெண்டையும் ஒண்ணா எடுத்துகினு வராதீங்க."

பால் காய்ச்சிய அன்று

இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டக் குறித்த நாளில் விடிந்ததும் வீட்டை வேனிலிருந்து இறக்கினோம். தான் அடித்த ஆணிகளையெல்லாம் தானே திட்டிக்கொண்டு சுடலைமுத்து பிடுங்கினார். பலகை, பெட்டி, அடுப்பு, குண்டான்கள், சாமி படம் எல்லாம் வேப்பமரத்தடிக்கு வந்தன. வேன் ஏரிக்கரை திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீடில்லாதவள் என்று யாராவது சொன்னால் அதுவரை எனக்குக் கோபம்தான் வரும். அன்று டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதேன். பாதையில் போனவர்கள் எல்லோரும் நின்று, "காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மதியம் தாண்டியும் வேனைக் காணோம். போனை எடுக்கவில்லை. வண்டியைப் பிடித்துவைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிய முருகேசன் என்னைப் பார்த்துவிட்டு ரூம் பையன்களோடு ஓடிவந்தான். "எங்க ரூம்ல ஒரு ஷிஃப்ட் ஆளு எப்பவும் வெளியதான் இருப்பான். அவன் பாய்ல படுத்துக்கிடுங்கக்கா" என்றான். காற்றுக்கே இடமில்லாத ரூமில் எனக்கு ஒரு பாய்! அதைக் கேட்டு இன்னொரு பாட்டம் அழுதேன். கன்னியம்மாவும் டியூட்டி முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது சாயும்போது வேன் வந்தது. இறங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன ஆச்சு?" என்றேன். "கையெழுத்துப் போட்டுட்டாரு. வண்டி நம்ம பேருக்கு வந்துரும். புத்தகத்த ஏஜென்ட் வாங்கி வைக்கேன்னாரு" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் என்ன? அவர் மரத்தடிச் சாமான்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "இன்ஸ்பெக்டர் கதவத் தொறந்ததும் தாளிச்ச வாசம் வந்துட்டு. உள்ள யாரும் குடியிருக்கீங்களான்னு கேட்டாரு. யாரும் இல்ல சார்னுட்டேன் பேச்சி. நம்ம வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே யாரும் இல்லன்னுட்டேன்."

நான் பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றப் போனேன். கன்னியம்மா குறுக்கே கையை நீட்டி மறித்தாள். குடிபோகிறவர்கள் பால் காய்ச்சாமல் உள்ளே பெட்டியை ஏற்றுவார்களா என்று சத்தம் போட்டாள். முருகேசன் பால் வாங்க ஓடினான். முதலில் சாமி படம் ஏறியது, பிறகு அடுப்பு. பையன்கள் பின்கதவருகே நெருக்கியடித்துக்கொண்டு பார்க்க, பால் பொங்கி வழிந்தது. கன்னியம்மா முதல் டம்ளரை ஆற்றி, இன்னும் தலைகுனிந்து நின்ற சுடலைமுத்துவின் கையில் திணித்தாள்.

"அந்த ஆபீசரு கேட்டப்ப உள்ள யாரும் இல்லதானே அண்ணே? நீங்க இப்பத்தானே குடி வரீங்க!"

ஆக, வேனில் குடித்தனம் நடத்த நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கேட்கிறவர் எந்த ஆபீஸ் என்று முதலில் தெரிந்துகொண்டு, வீட்டை ஏற்றுவதா இறக்குவதா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.