மொட்டை மாடியில் ஒரு குளம்: அனகாபுத்தூரில் வீடு கட்டப் போன கதை

சிங்கப்பூரில் இருந்து நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து சென்னைப் பக்கம் அனகாபுத்தூரில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொடுக்கப் போனோம். அது 2007 பிப்ரவரி. லீவு இரண்டு வாரம். அதுவரை நான் சுமந்ததிலேயே கனமானது லேப்டாப் பை. என் கணவர் முரளி சுவரில் ஆணி அடிக்கவே ஆள் கூப்பிடுகிறவர். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

நாலு மணி நேரம் விமானம். இறங்கும்போது ஜன்னலில் அடையாறு மெல்லிசாகத் தெரிந்தது. சுற்றிலும் மொட்டை மாடிகள், மாடிகள், மாடிகள். அதில் இன்னும் போடாத ஒரு மாடிக்காக நாம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு சுகம் வந்தது. ஊர் திரும்பும்வரை அது என்னை விடவேயில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே லாட்ஜ். இரண்டு பேர் தங்கும் அறைக்கு நாளுக்கு 450 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் புழுக்கம். நாங்கள் ரயில் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தோம். காலை ஆறே முக்கால் மின்சார ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. முதல் நாள் டிரைவர் எங்கள் தொப்பிகளைப் பார்த்து, "இன்னா சார், கிரிக்கெட்டா?" என்றார். யாரோ ஒருவருக்கு வீடு கட்டப் போகிறோம் என்றேன். அடுத்த சிக்னலில் திரும்பிப் பார்த்தார். "நம்ம வூட்டாண்ட கூட ஒரு சுவரு பாதில நிக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வீடு ஜைத்தூன் அக்காவுக்கு. தோல் பை தைப்பவர், கணவர் இல்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முன் ஆற்று வெள்ளம் அவருடைய மண்சுவர் வீட்டைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். ஒரே மகள் பர்வீனைப் பல்லாவரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு ஏழாவது மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, "வூடே இல்லாத எடத்துல புள்ளத்தாச்சிய எப்படி வுடறது? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜைத்தூன் அக்கா எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்த வெள்ளிக்கிழமையில் வந்து முடித்தார்.

நாங்கள் போனபோதே சுவர் எழும்பியிருந்தது. முதல் வாரம் செங்கலும் மணலும் சுமந்தோம். இரண்டாவது வாரம் கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். மறுநாள் மேஸ்திரி ஏகாம்பரம் அண்ணா தளத்தின் மேல் கலவையால் வயல் வரப்பு மாதிரி பாத்தி கட்டி, பக்கத்து வீட்டு மோட்டாரில் தண்ணீர் விட்டு நிரப்பினார். "இன்னும் ஒரு வாரம் இது தண்ணி குடிக்கணும். அப்பத்தான் கெட்டியாவும்" என்றார்.

அந்தக் குளத்தை நான் எப்படிச் சொல்வது? கணுக்கால் ஆழம்கூட இல்லை. அதற்குள் முழு வானமும் இருந்தது. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போயின. சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் அதன் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம். ஒருநாள் ஜைத்தூன் அக்கா விரலால் தண்ணீரைத் தொட்டபடி, "இந்தத் தண்ணிதான் என் வூட்டத் தூக்கினு போச்சு. இப்ப நானே தல மேல வெச்சுக் காவல் காத்துகினு கீறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முரளி எல்லோருக்கும் முன்னால் மாடிக்குப் போனார். எங்கள் சிங்கப்பூரில் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றாலே கொசு வளர்க்கிறாய் என்று அபராதம் போட்டுவிடுவார்கள். அந்த ஊரில் வளர்ந்த மனிதர், கர்ப்பிணிப் பெண் வரப்போகும் வீட்டில் கொசுவா என்று பாத்தியை எல்லாம் காலால் உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். கீழே வந்து பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

ஏகாம்பரம் அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா வேல பண்ணிக்கீற சார்? வெயில் ஏறிச்சுன்னா தளம் வெடிப்பு வுட்டுடும். இன்னிக்கு சாய்ங்காலம் வரைக்கும் கரண்ட்டும் கெடையாது."

மோட்டார் ஓடாது. ஜைத்தூன் அக்காவின் முகம் சுண்டிப்போனது. குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். இரண்டு நடை போவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், அப்புறம் எதிர்வீடு, அப்புறம் பெயர் தெரியாத யார் யாரோ. பம்பில் இருந்து மாடிவரை வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்கள். முரளி தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று ஏறி இறங்கினார். அவர் அவ்வளவு அமைதியாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் இருந்து துணிப்பையோடு பர்வீனும் மாமியாரும் இறங்கினார்கள். வீட்டுக்குக் கதவில்லை. உள்ளே காடு மாதிரி, தளத்தைத் தாங்கும் சவுக்குக் கட்டை முட்டுகள். ஜைத்தூன் அக்கா ஈரப் புடவையோடு அப்படியே நின்றுவிட்டார்.

மாமியார் முரளியைக் காட்டி, "யாரு இவரு?" என்றார்.

"சிங்கப்பூர்காரரு. தண்ணியத் தொறந்து வுட்டவரு. இப்ப ரொப்பறாரு" என்றார் ஏகாம்பரம் அண்ணா.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஏறி இறங்கும் குடங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகளின் பையை வாங்கி ஜைத்தூன் அக்காவிடம் நீட்டினார். "வெறும் சிமிட்டிக்கே தெருவுல இத்தினி பேரு தண்ணி தூக்குறாங்க. நம்ம புள்ளைக்கு ஒரு கொடம் தூக்க மாட்டாங்களா? வூடு முடியறவரைக்கும் உன் ரூம்லயே வெச்சுக்கோ. இருக்கட்டும்."

ஜைத்தூன் அக்கா அழுதார். நானும்தான்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், அதற்குமேல் வெயில் தாங்காது. கையுறை இங்கிருந்தே கொண்டுபோங்கள். பருத்திச் சட்டை போதும், ஜீன்ஸ் பேஜார். தளம் போடும் வாரத்தில் போய்ச்சேரும்படி லீவு எடுங்கள். மாடியில் தண்ணீர் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள்.

திரும்பும் விமானத்தில் முரளி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்தச் சதுரத் தண்ணீரைத் தேடினார். எனக்குத் தெரியவில்லை, அவர் பார்த்தேன் என்கிறார்.

ஏப்ரல் கடைசியில் ஜைத்தூன் அக்கா போன் செய்தார். பெண் குழந்தை, புது வீட்டுக்கு வந்தாயிற்று என்றார். குரலுக்குப் பின்னால் இரைச்சலாக இருந்தது. என்ன சத்தம் என்று கேட்டேன்.

"மழைம்மா. கோடை மழை ஊத்துது. கொழந்த தூங்கிகினு கீது. ஒரு சொட்டு உள்ள வர்ல."