மூன்று விரல் நுழையாத வாய்

அன்புச் சகோதரர்களே, ஸலாம் சொல்லக்கூட வாய் சரியாகத் திறக்காமல் போனவன் எழுதுகிறேன்.

ஊர் திருமலைராயன்பட்டினம். வயது ஐம்பதைத் தொடுகிறது. கல்யாண வீடுகளில் சிரிக்கவைப்பவன் என்று பெயர். விழித்தது முதல் படுக்கும்வரை கன்னத்தில் பாக்குச் சீவல் ஒதுங்கியிருக்கும். புகையிலை தொட்டதில்லை, வெறும் சீவல் என்ன செய்துவிடும் என்றிருந்தேன். காரம் பட்டால் வாய் எரிந்தது. வயிற்றுப் புண் என்று நானே முடிவு செய்து மணத்தக்காளிக் கீரை தின்றேன்.

போன வருடம் நோன்பு முடிந்து வரும் ஷவ்வால் மாதம், ஒரு நிக்காஹ் விருந்து. ஒரே சஹன் தட்டைச் சுற்றி நான்கு பேர். முட்டையை முழுசாக வாயில் போட்டுக் காட்டுவது என் வேடிக்கை. அன்று முட்டை பல்லில் இடித்து நின்றது.

"என்ன மச்சான், முட்டைக்கு விசா கிடைக்கலையா?" என்றான் என் மனைவியின் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் முட்டையைப் பிட்டுத் தின்றேன்.

காரைக்காலில் பல் டாக்டரம்மா மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைக்கச் சொன்னார். ஒன்றுதான் நுழைந்தது.

"சீவல் உள்ளே புண்ணாக்குதுங்க. அதைச் சரி பண்ண உடம்போட காவல் அணுக்கள் ஓடி வருது. நீங்க மறுபடி போடுறீங்க. அதுங்களுக்கு ஓய்வே இல்ல. அதுங்க விடாம கூப்பாடு போட, மத்த அணுக்கள் தழும்பை நார் நாரா சேத்துக்கிட்டே போகுது. கன்னம் இறுகிடுச்சு."

"என்னைக் காப்பாத்த வந்தவங்களே வாயைப் பூட்டிட்டாங்களா?"

"நீங்க விட்டாத்தான் அவங்க விடுவாங்க. இது சில பேருக்குப் புற்றுநோயா மாறும். சதை எடுத்துப் பாக்கணும்."

சதை எடுத்த சோதனையின் முடிவு வரும் முன்பே நான் செத்துவிட்டேன். மையவாடிக்குப் போய் என்னை அடக்க இடம் பார்த்தேன்.

"மழைக்கு இங்கே தண்ணி நிக்குமா?" என்று அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"படுத்த பிறகு உங்களுக்கு என்ன பாய், சளியா பிடிக்கப்போகுது?" என்றார்.

வீட்டுக்கு வந்து தொழுகை விரிப்பில் விழுந்து அழுதேன். அழும்போதும் கன்னத்தில் சீவல். மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, நோன்பு முப்பது நாளும் பகல்ல இதைத் தொடாமத்தானே இருந்தீங்க? எரிச்சல் கம்மியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பெருநாளன்னிக்கே மறுபடி வாயில போட்டீங்க. படைச்ச ரப்பு முன்னாடியே வழியைக் காட்டிட்டான். இன்னும் என்னத்தக் கேக்குறீங்க?"

எழுந்துபோய்ச் சீவலைத் துப்பினேன்.

வாயைக் கொப்பளித்தேன். கை கால் கழுவி ஒளுச் செய்தேன். கேன்சர் வேண்டாம் யா அல்லாஹ், இந்தச் சீவலை என்னைவிட்டு எடுத்துவிடு என்று கையேந்தினேன். அந்த வாரம் தலைவலி, நடுக்கம், பிள்ளைகள்மீது காரணமில்லாத கோபம். ஆனால் கை பொட்டலத்துக்குப் போகவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம்! அதை விட்டது என் பலம் இல்லை. என் பலம் எனக்குத் தெரியும்.

முடிவு வந்தது. கேன்சர் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வாய் பழையபடி திறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தக் காவல் அணுக்களின் ஆவேசம் அடங்கக் கன்னத்துக்குள்ளேயே ஊசி. ஐஸ்கிரீம் குச்சிகளை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அடுக்கி வாயைத் திறக்கத் தினமும் பயிற்சி. வலியில் கண்ணீர் வரும். இப்போது இரண்டு விரல் நுழைகிறது. சோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் தொழுகை விரிப்பில் போய் நிற்கிறேன். பயம் போகவில்லை, பயத்தோடு போய் நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

உங்களுக்கும் அந்த இடம் உண்டு. கேளுங்கள், அவன் தருவான். கேட்கும் முன் வாயில் இருப்பதைத் துப்பிவிடுங்கள்.