தூங்காத கணினியும் ஜெராம் பஸ்ஸும்

கணினியைப் பராமரிப்பது என்பது, அது எதற்காகக் காத்திருக்கிறது என்று நாமும் கூடவே காத்திருந்து கண்டுபிடிக்கிற வேலை. கவுண்டருக்கு முன்னால் நின்று, "சிஸ்டம் ஸ்லோ" என்ற பதிலைக் கேட்டுக் கால் கடுத்தவர்களே, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள். அங்கேயும் ஸ்லோதான்.

குளிர் அறை

எண்பதுகளின் பிற்பகுதி. மலேசியாவின் கோலா சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு செம்பனை எண்ணெய் நிறுவனத்தின் வட்டார அலுவலகம். மாடியில் குளிர்சாதன அறை, அதற்குள் அலமாரி அளவில் ஒரு கணினி, அதற்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான். வெளியே வெயில் கொதிக்கும். ஜன்னலுக்கு அப்பால் ஆறு அசையாமல் கிடக்கும். குன்றிலிருந்து இறங்கி வந்த சாம்பல் குரங்குகள் தொலைபேசிக் கம்பியில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பி வழியாகத்தான் புக்கிட் பெலிம்பிங் ஆலையின் எடைகள் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன.

பழக்குலை ஏற்றிய லோரி தராசில் ஏறியதும், அங்கே கணக்கு எழுதும் கிராணி எடையைத் தட்டி அனுப்புவார். எங்கள் கணினி சரிபார்த்து ரசீது எண்ணைத் திருப்பி அனுப்பவேண்டும். அது வந்தால்தான் லோரி தராசை விட்டு இறங்கலாம். வராவிட்டால் பின்னால் உள்ள லோரிகள் செம்மண் சாலை முழுக்க நிற்கும். வெயிலில் பழம் கனிந்து அழுகத் தொடங்கும். ஒருநாள் மதியம் ஓட்டுநர் ஒருவர் பொறுமை இழந்து, தராசுக் கூண்டிலிருந்த தொலைபேசியில் என்னையே அழைத்துவிட்டார். கோபம் இல்லாத குரல். "மிஸ், அந்த மிசின் சாப்பிடப் போயிருக்கா? அப்படின்னா நானும் போயிட்டு வந்துர்றேன்லா."

தராசுக் கூண்டில் சரஸ்வதி

அந்தக் கூண்டில் இருந்த கிராணி சரஸ்வதி. வேலையில் சேர்ந்து வெகுநாள் வரை நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எண்கள் வரும் விதத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். காலையில் நிதானமாக வரும். மழை இருட்டினால் தப்பும் தவறுமாக வரும். சனிக்கிழமை மாலையானால் ஓடி வரும்.

அவருடைய கணவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். ஆலைக் குடியிருப்பில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், நாலு வயது மகளை ஜெராமில் இருந்த தன் அக்காவிடம் விட்டிருந்தார். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை கடைசி பஸ்ஸைப் பிடித்தால் ஞாயிறு முழுக்கப் பிள்ளையோடு இருக்கலாம். வரிசையில் நிற்கும் லோரிகள் தீராமல் கூண்டைப் பூட்ட முடியாது. சனிக்கிழமைகளில்தான் எங்கள் கணினி தோட்டம் தோட்டமாகச் சம்பளச் சீட்டு அச்சடிக்கும். அன்றைக்குத்தான் அது படு மந்தம். பஸ் போய்விட்ட ஒரு மாலையில் நான் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பின்னால் தவளைச் சத்தம் கேட்டது. சரஸ்வதி சொன்னார்: "பரவால்ல மிஸ். போன வாரமும் அதத்தான் பிள்ளைகிட்ட சொன்னேன், பரவால்லன்னு."

எழுப்புகிற பாடு

அந்தப் 'பரவால்ல' என்னை உறங்கவிடவில்லை. மறுவாரம் முழுக்கக் கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இயங்குதளத்தின் நடுவில் இருந்து எல்லா வேலைகளையும் பங்கிடுகிற பகுதியைக் கெர்னல் என்போம். எடைக்குப் பதில் சொல்கிற நிரலுக்கு வேலை இல்லை என்றால், கெர்னல் அதைத் தூங்க வைத்துவிடும். சம்பள வேலைக்கு நினைவகத்தில் இடம் போதவில்லை என்றால், தூங்குவதை அப்படியே தூக்கி டிஸ்கில் போட்டுவிடும். கம்பியில் ஓர் எடை வந்தால் மணி அடிக்கும். கெர்னல் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து போய், தூங்குவதைத் தேடி, டிஸ்கிலிருந்து தூக்கி வந்து, வரிசையில் நிறுத்தி, அதன் முறை வந்ததும் பதில் சொல்ல வைக்கும். பதில் சொல்வது ஒரு நொடி வேலை. எழுப்புவதுதான் பெரும்பாடு.

டேப்புகளை மாற்றிப் போடும் ஜோசப்பிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். மதியச் சோற்றுக்குப் பிறகு அந்தக் குளிரில் அவர் கண்கள் எப்போதும் பாதி மூடியே இருக்கும். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது. நான் முடித்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அதத் தூங்க வுட்டாத்தானே எழுப்பணும்?"

விழித்திருந்த சனிக்கிழமை

கெர்னலின் மூலநிரல் எங்களிடம் இருந்தது. அதில் கம்பியைக் கவனிக்கும் இடத்தை மாற்றி எழுதினேன். இனி மணிக்காகக் காத்திருக்க வேண்டாம், தூங்கவும் வேண்டாம், 'வந்ததா, வந்ததா' என்று கம்பியைப் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அதை ஓட்டினேன். எடை வந்தது, பதில் போனது. நடுவில் மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லை. ஆற்றின் மேல் வெயில் சாய்ந்து அறைக்குள் பொன்னாக விழுந்திருந்தது. திரையில் எண்கள் மழைத்துளிகளைப் போல இறங்கிக்கொண்டிருந்தன. நான் கன்னத்தில் கைவைத்துக் கனவு காண்கிறவளைப் போல அதையே பார்த்திருந்தேன்.

அச்சு இயந்திரத்தின் இரைச்சல் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்த கணினிக்கு மற்ற வேலைகளுக்கு நேரமில்லை. தோட்டங்களின் சம்பளச் சீட்டுகள் பாதியில் நின்றுவிட்டன. சீட்டு வாங்க வந்திருந்த தோட்டத்து வேன்கள் கீழே நின்றன. லயத்து வீடுகளில் ஆட்கள் சம்பளத்துக்குக் காத்திருப்பார்கள். சம்பளப் பிரிவின் பெரிய கிராணி துரைசிங்கம் மாடியேறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "பிள்ளை, உம்மட மெஷின் ஒரு ஆளைத்தான் பாத்துக்கொண்டிருக்கு. மற்ற ஆக்கள் எல்லாம் செத்துப் போயிட்டினமோ?"

கொஞ்சம் பார், பிறகு தூங்கு

அவர் சொன்னது நியாயம். அன்று பழைய கெர்னலையே திரும்ப ஏற்றினேன். சீட்டுகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. சரஸ்வதிக்கு மறுபடியும் பஸ் தவறியது. 

திங்களன்று வேறு மாதிரி எழுதினேன். ஓர் எடைக்குப் பதில் சொன்னதும் உடனே தூங்காதே, கொஞ்ச நேரம் கம்பியைப் பார். அடுத்த லோரி ஏறினால் பதில் சொல். ஒன்றும் வராவிட்டால் தூங்கு. ஆனால் தூங்கினாலும் டிஸ்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே தூங்கு. எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதில் எனக்கும் துரைசிங்கம் ஐயாவுக்கும் இழுபறி. நான் கூட்டச் சொல்வேன், அவர் குறைக்கச் சொல்வார். கடைசியில் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்தார். சத்தம் தளராத இடத்தில் போதும் என்று கையைக் காட்டினார். அந்த அளவையே வைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை சீட்டுகளும் தடையில்லாமல் அச்சாகின. வெயில் இறங்கும் முன்னால் தொலைபேசி அடித்தது. சரஸ்வதி. பின்னால் கூண்டுக் கதவு சாத்தும் சத்தம். "மிஸ், முன்னெல்லாம் யோசிச்சி யோசிச்சிப் பதில் சொல்வீங்க. இன்னிக்கி நான் கைய எடுக்கறதுக்குள்ள சொல்லிட்டீங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

ஜெராமில் ஒரு ஞாயிறு

சில வாரங்கள் கழித்து ஜெராமுக்குச் சாப்பிட வரச்சொன்னார். போனேன். எண்களாகவே தெரிந்திருந்தவர், நெற்றியில் வியர்வையோடு நண்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிடச் சிரிப்பு. மகள் அவர் முந்தானையைப் பிடித்தபடியே அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள். கடல்காற்றில் கருவாட்டு வாசம். பேச்சு நின்ற நேரங்களில் தூரத்துப் படகுகளின் இரைச்சல் வந்து வந்து போனது. எனக்கு எழுந்து போகவே மனமில்லை.

சனிக்கிழமைகளில் பிள்ளை எப்படி இருப்பாள் என்று சரஸ்வதியின் அக்காவிடம் கேட்டேன். மதியத்திலிருந்தே வாசலுக்கு ஓடுவாளாம், அம்மா வந்தாச்சா என்று கேட்பாளாம், இல்லை என்றதும் திரும்பவும் ஓடுவாளாம். அக்கா தட்டில் இன்னொரு நண்டை வைத்தபடி சொன்னார்: "இவளுக்குப் பதில் சொல்லியே, சனிக்கிழமையானா என் அடுப்புல ஒல கொதிக்கறதில்ல மிஸ்."

கேட்டுக்கொண்டே இருப்பவருக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. இதைக் கற்றுக்கொள்ளத்தான் நான் அத்தனை காலம் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன்.